மீன்தொட்டியில் கல்: எலுமிச்சைச் சாறு சொல்லாத விஷயங்கள்

கடப்பா கல் தொட்டிக்குள் போவது பெரும்பாலும் இப்படித்தான். சமையலறை அலமாரி வேலை முடிந்து நாலைந்து துண்டுகள் மிஞ்சியிருக்கும். கறுப்பு நிறம், தட்டையான முகம், உடைந்த ஓரத்தில் அடுக்கடுக்கான கோடுகள். கடையில் ஸ்லேட் என்று விற்பது மாதிரியே இருக்கிறதே என்று கழுவி, குகை மாதிரி அடுக்கிவிடுவார்கள். ஆனால் கடப்பா கல் ஸ்லேட் இல்லை, கிரானைட்டும் இல்லை. அது சுண்ணாம்புக்கல். நிறம் கறுப்பு என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

நிறத்தையும் உருவத்தையும் பார்த்துக் கல்லை முடிவு செய்வது முதல் தவறு. கருங்கல், குவார்ட்ஸ், எரிமலைக்கல் ஆகியவை தண்ணீரில் ஏறக்குறைய எதையும் கரைய விடாதவை. சுண்ணாம்புக்கல், பளிங்கு, பவளக்கல், கிளிஞ்சல், சோழி எல்லாம் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் மீன்களும் செடிகளும் விடும் கார்பன் டை ஆக்சைடு மெல்லிய அமிலமாகி இவற்றை அரிக்கும். அரிக்க அரிக்க ஜிஎச் என்ற பொதுக் கடினமும், கேஎச் என்ற கார்பனேட் கடினமும், அவற்றோடு நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச்சும் ஏறும். கடினத்தை டிகிரியில் சொல்வார்கள்; ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஆற்றுக் கூழாங்கல்லை நம்பி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே மூட்டையில் பத்து வகைக் கல் கலந்திருக்கும். ஒன்றைச் சோதித்து மூட்டைக்கே சான்றிதழ் கொடுக்க முடியாது.

கட்டட வேலையில் மிஞ்சிய கல்லில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிமெண்ட். சுண்ணாம்புக்கல் பிஎச்சை 8.2 வாக்கில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளும். புது சிமெண்ட் அதற்கு மேலும் இழுத்துக்கொண்டு போகும், சிறு தொட்டியில் ஒரே இரவில் மீனைக் கொன்றுவிடும். சிமெண்டில் செய்த செயற்கைப் பாறைகளையும் வாரக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, ஊறிய நீரின் பிஎச் ஏறாமல் நின்ற பிறகுதான் உள்ளே விட வேண்டும்.

“என் தொட்டியில் ஒன்றும் ஆகவில்லையே”

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி மீனை இழந்தவர்கள் அதிகம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் தொட்டியில் இருப்பது போர் தண்ணீர். அதில் ஏற்கெனவே கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைந்திருக்கின்றன, பிஎச் 8-ஐ ஒட்டி நிற்கிறது. அப்படிப்பட்ட நீரில் சுண்ணாம்பு மேலும் கரைய இடமே இல்லை. பவளக்கல்லைப் பத்து வருஷம் போட்டு வைத்தாலும் அளவுகள் அசையாது.

அதைக் கேட்டு இன்னொருவர் அதே கல்லை வாங்கிப் போடுகிறார். அவர் தொட்டியில் ஆர்ஓ தண்ணீர், அல்லது இருபது லிட்டர் கேன் தண்ணீர். டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு, லிட்டருக்கு 50, 60 மில்லிகிராம். கேஎச் ஏறக்குறைய பூஜ்யம். பசியோடு இருக்கும் தண்ணீர் அது. அதே கல் இங்கே சில நாட்களிலேயே கேஎச்சை மேலே ஏற்றும். செடித் தொட்டிக்கு சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு விடுபவர் என்றால் அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கும். செய்ரியு என்ற பெயரில் விற்கும், வெள்ளை நரம்பு ஓடும் சாம்பல் கற்களை அத்தகைய தொட்டியில் வைப்பவர்கள் வாரம் ஒருமுறை கேஎச் பார்க்காமல் இருக்கக் கூடாது.

ஆக, கல்லை மட்டும் கேட்டுப் பயனில்லை. எந்தத் தண்ணீரில், எத்தனை லிட்டருக்கு எத்தனை கிலோ, எந்த மீனோடு என்று கேட்க வேண்டும். இன்னொன்று: டிடிஎஸ் அதிகம் என்றால் கடினம் அதிகம் என்று அர்த்தமில்லை. கடலோரப் போர் தண்ணீரில் டிடிஎஸ் ஏறுவதற்கு உப்பும் காரணம். கேஎச்சைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். துளி கிட் போதும். பல கிட்களில் 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாக மாறும்வரை எண்ணினால், ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி.

எலுமிச்சைச் சோதனையின் ஓட்டைகள்

கல் மீது எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடு, நுரைத்தால் தூக்கிப்போடு, நுரைக்காவிட்டால் உள்ளே வை. இதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும். கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்டான டாலமைட் கல் வினிகருக்கு நுரைப்பதே கண்ணுக்குத் தெரியாது. சேலத்துப் பக்கத்து வெள்ளைக்கல்லான மாக்னசைட் மெக்னீசியம் கார்பனேட். குளிர்ந்த, நீர்த்த அமிலத்துக்கு அது அசைந்தே கொடுக்காது. கருங்கல்லிலும் சில சமயம் மெல்லிய கால்சைட் (கால்சியம் கார்பனேட்) நரம்பு ஓடும். சொட்டு அதன் மேல் விழாவிட்டால் கல் தேர்ச்சி பெற்றுவிடும்.

வினிகரால் சோதிப்பதானால் காய்ந்த கல்லை ஆணியால் நன்றாகச் சுரண்டி, அந்தப் பொடியின் மேல் விடுங்கள். நான்கைந்து இடங்களில் செய்யுங்கள், வெள்ளைக் கோடு இருந்தால் அதன் மேல் கட்டாயம். காதருகே வைத்துக் கேட்டால் மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் கண்ணுக்கு முன் காதுக்கு எட்டும். ஹார்டுவேர் கடை ஆசிட் இன்னும் துல்லியம்தான், டாலமைட் பொடியைக்கூடக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கையுறை, கண்ணாடி, திறந்தவெளி இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

உண்மையான பதில் பக்கெட்டில்தான் கிடைக்கும். மூடியுள்ள இரண்டு பக்கெட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 5 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் தேய்த்துக் கழுவிய கல் 2 கிலோ. மற்றதில் ஒன்றும் வேண்டாம். இரண்டிலும் ஏர் ஸ்டோன் ஓடட்டும். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் டிடிஎஸ்ஸும் கேஎச்சும் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் பக்கெட் எதற்கு? நீர் ஆவியானாலே டிடிஎஸ் கொஞ்சம் ஏறும். அந்த ஏற்றத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கல்லின் கணக்கு. முதல் மூன்று நாளில் சற்று ஏறி அப்படியே நின்றுவிட்டால் அது மேலே ஒட்டியிருந்த தூசி. பதினான்காம் நாளும் ஏறிக்கொண்டே இருந்தால், கேஎச்சும் சேர்ந்து ஏறினால், கல் கரைகிறது. இந்தச் சோதனையில் பிஎச்சை மட்டும் நம்ப வேண்டாம். ஆர்ஓ தண்ணீரில் தாங்கும் சக்தி இல்லாததால் அதன் பிஎச் காற்றுப்பட்டாலே அங்குமிங்கும் ஆடும்.

பிஎச்சோடு மல்லுக்கட்டுவது

கல் கெடுப்பதைவிட, கல்லை வைத்துக்கொண்டே பிஎச்சை இறக்கப் பார்ப்பதுதான் அதிக மீனைக் கொல்கிறது. நடப்பது இது: பிஎச் 8 காட்டுகிறது. தொட்டிக்காரர் கடையில் வாங்கிய பிஎச் டவுன் மருந்தை ஊற்றுகிறார். அமிலம் பைகார்பனேட்டைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. பிஎச் சடாரென 6.8-க்கு இறங்குகிறது. மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது. சில மணி நேரத்தில் அந்த வாயு காற்றில் போய்விட, பிஎச் பாதி தூரம் ஏறுகிறது. மீதியைக் கல் கரைந்து ஈடுகட்டுகிறது. மறுநாள் மறுபடி 8. மறுபடி மருந்து. ஒவ்வொரு சுற்றிலும் டிடிஎஸ் கூடுகிறது. மருந்தில் பாஸ்பேட் இருந்தால் பாசியும் இலவசம்.

நாட்டு பாதாம் இலையைப் போட்டு இறக்கப் பார்ப்பவர்களும் உண்டு. கேஎச் 10 இருக்கும் தொட்டியில் எத்தனை இலை போட்டாலும் தண்ணீர் டீ டிகாஷன் நிறமாகும், பிஎச் நகராது.

மூன்றாவது வகை, பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் ஆர்ஓ தண்ணீரால் மாற்றுவது. தொட்டியின் டிடிஎஸ் 420, புதுத் தண்ணீரின் டிடிஎஸ் 60 என்றால் மாற்றி முடித்ததும் 240. மீனின் உடலுக்குள் உப்புச் சமநிலை இவ்வளவு வேகமாகச் சரிசெய்துகொள்ளாது. செதில் மங்கி, துடுப்பை ஒட்டிக்கொண்டு மூலையில் நிற்கும். பிறகு கல் மெல்லக் கரைந்து மறுபடி மேலே ஏற்றும். அடுத்த வாரம் அதே இறக்கம். மாறாமல் நிற்கும் 7.8, தினம் ஊஞ்சலாடும் 7-ஐவிட மீனுக்கு நல்லது.

அமோனியாக் கணக்கு

பிஎச் ஏறினால் மீனுக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் நேரடிப் பதில். மீனின் கழிவிலிருந்து தண்ணீரில் அமோனியா சேரும்; கிட் காட்டுவது அதன் மொத்த அளவு. அதில் விஷமான பங்கு பிஎச்சைப் பொறுத்தது. நம்மூர் 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7-ல் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8-ல் ஆறரை சதவீதம் போல. 8.2-ல் பத்தில் ஒரு பங்கு. ஃபில்டர் முதிராத, அதாவது அமோனியாவை உடைக்கும் பாக்டீரியா இன்னும் வளராத, புதுத் தொட்டியில் பவளக்கல்லையும் வைத்து மீனையும் விட்டால், வேறு தொட்டியில் மீன் தாங்கிய அதே அமோனியா இங்கே செவுளைக் கருக்கும்.

பையில் நெடுந்தூரம் வந்த மீனுக்கு இது இரட்டை ஆபத்து. பைக்குள் மூச்சுவிட்ட கார்பன் டை ஆக்சைடு பிஎச்சை இறக்கி வைத்திருக்கும், அதனால் அமோனியா சேர்ந்திருந்தும் பெரிதாகக் கடிக்காது. பையைத் திறந்து, 8.2 பிஎச் தொட்டித் தண்ணீரை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விட்டால், அந்த அமோனியா முழுக்க மீன் இருக்கும்போதே விஷமாக மாறும். பை மூடியிருக்கும்போதே கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, திறந்ததும் தாமதிக்காமல் வலையால் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. இரு தண்ணீருக்கும் டிடிஎஸ் வித்தியாசம் பெரிது என்றால், கடைத் தண்ணீருக்கு ஒத்த நீரில் தனித் தொட்டியில் வைத்து, பல நாட்களில் மெல்ல மாற்றுங்கள்.

எந்த மீனுக்கு எது என்பது சுருக்கம்தான். மோலி, கப்பி, பிளாட்டி, மலாவி ஏரி சிக்லிட் ஆகியவற்றுக்குச் சுண்ணாம்புக்கல் வரம். மென்னீரில் மோலி இருந்த இடத்திலேயே நடுங்கும். கார்டினல் டெட்ரா, ராம், டிஸ்கஸ் வகையறாவுக்கு அது வேண்டாம். பண்ணையில் வளர்ந்த டிஸ்கஸ் ஓரளவு கடினநீரில் வாழும், ஆனால் முட்டை பொரிப்பது வெகுவாகக் குறையும். ஆர்ஓ தண்ணீரில் கேஎச் முழுக்க வற்றி பிஎச் சரியும் தொட்டிக்கு, ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் தூள் வைப்பது தவறே இல்லை. அது மருந்து.

பச்சை, நீலத் திட்டுகள் உள்ள கல்லில் செம்பு இருக்கலாம், இறால் வளர்ப்பவர்கள் தொடவே வேண்டாம். பொன் மாதிரி கனமாக மின்னும் துகள் பைரைட்டாக இருந்தால் துருவும் அமிலமும் விடும். சாயம் பூசிய கல்லை வெந்நீரில் ஒரு நாள் ஊறவைத்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணியில் நிறம் வந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

கடற்கரையிலிருந்து பவளம் பொறுக்கி வருவதைப் பற்றி: கடின பவளங்கள் அனைத்தும் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்த துண்டுதானே என்ற வாதம் எடுபடாது.

கழுவுவதும் வைப்பதும்

கல்லைக் கொதிக்கவைக்காதீர்கள், அடுப்பில் சுடாதீர்கள். உள்ளே சிக்கிய நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும். கடினமான பிரஷ், ஓடும் தண்ணீர், பிறகு மேலே வெந்நீர் ஊற்றி ஆறவிடுவது போதும். சோப்பு வேண்டாம், துளையுள்ள எரிமலைக்கல்லில் அது தங்கிவிடும். பிளீச்சையும் ஆசிட்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துவது குளோரின் வாயுவை உண்டாக்கும், அது மீனுக்கு அல்ல, உங்களுக்கு ஆபத்து.

பெரிய கல்லை மணலின் மேல் வைக்கக் கூடாது. சிக்லிட்டும் ஃப்ளவர்ஹார்னும் அடியில் தோண்டிவிடும், கல் சாய்ந்து கண்ணாடியில் இறங்கும். முதலில் கண்ணாடித் தரையில் மெல்லிய ஃபோம், அதன் மேல் கல், பிறகு மணல். கூர்முனை எரிமலைக்கல் கோரிடோரஸின் மீசையைத் தேய்த்துவிடும், பபுள் ஐ கோல்டுஃபிஷ் தொட்டியில் அதற்கு இடமே இல்லை.

கல் பிடிக்கும் இடத்தை மறப்பதும் சின்னத் தவறல்ல. 60க்கு 30க்கு 36 சென்டிமீட்டர் தொட்டி, காகிதத்தில் 65 லிட்டர். 32 சென்டிமீட்டர் வரை நிரப்பினால் 57 லிட்டர் சொச்சம். 15 கிலோ கருங்கல் அதில் ஐந்தரை லிட்டரைத் தள்ளும், 5 சென்டிமீட்டர் மணலும் ஏறக்குறைய அவ்வளவே. உள்ளே இருக்கும் உண்மையான நீர் 46, 47 லிட்டர்தான். 65 லிட்டருக்கு என்று மருந்து ஊற்றினால் சுமார் 40 சதவீதம் கூடுதல்.

தவறான கல் ஏற்கெனவே உள்ளே இருந்தால் மொத்தத்தையும் ஒரே நாளில் பிடுங்காதீர்கள். அமோனியாவை உடைக்கும் பாக்டீரியாவில் ஒரு பங்கு கல்லின் மேல்தான் வாழ்கிறது. இந்த வாரம் பாதி, பத்து நாள் கழித்து மீதி. தூக்கும்போது அடியில் தேங்கிய கறுப்புச் சேறு கிளம்பும், அதனால் சைஃபன் குழாயைக் கல்லின் காலடியிலேயே பிடித்துக்கொண்டு தூக்குங்கள். எடுத்ததால் மட்டும் நீர் மாறிவிடாது, ஏறிய கேஎச் அப்படியே இருக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை 10 முதல் 15 சதவீதம் மென்னீர் சேர்த்து மாற்றிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் அளந்து எழுதுங்கள். செடித் தொட்டியில் காலை பிஎச்சும் மாலை பிஎச்சும் ஒன்றாக இருக்காது.