குடலுக்கு ரத்தம் திரும்பிய பிறகு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயிற்றுவலி என்றால் கடலூரிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, முதலில் கைக்கு வருவது கேஸ் மாத்திரைதான். பல நேரம் அதுவே போதும். ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்குத் திடீரென உயிர் போகிற வலி, தொட்டால் வயிறு இளகியே இருக்கிறது என்றால், கேஸ் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. இதயத்திலிருந்து வந்த ரத்தக்கட்டி சிறுகுடலின் தமனியை அடைத்திருக்கலாம். முழு அடைப்பென்றால் சுமார் 6 மணி நேரத்தில் குடல் மீள முடியாத அளவு கெட்டுவிடக்கூடும். ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சிடி ஆஞ்சியோகிராம் எடுக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

அடைப்பை எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்பதும் தவறு. ரத்தம் இல்லாத நேரத்தில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி சிதைந்து, ஹைப்போசாந்தீன் என்ற பொருள் சேர்கிறது. ரத்தத்தோடு ஆக்சிஜன் திரும்பியதும், சாந்தீன் ஆக்சிடேஸ் நொதி அதை வைத்து சூப்பராக்சைடு என்ற, செல்லைச் சேதப்படுத்தும் தீவிர மூலக்கூறை உண்டாக்குகிறது. பார்க்ஸ், கிராஞ்சர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் பூனைகளில் இதைச் சோதித்தார்கள். 4 மணி நேரம் ரத்தம் குறைந்திருந்த குடலைவிட, 3 மணி நேரம் குறைந்து 1 மணி நேரம் ரத்தம் திரும்பிய குடலில் உட்படலச் சேதம் அதிகம். அதற்காக ரத்தத்தைத் திருப்பாமல் விட முடியுமா? விட்டால் குடலே அழுகிவிடும்.

இந்தச் சேதத்தை அளக்கப் பார்க்கும்போது அதிகம் சறுக்குவது ரத்தப் பரிசோதனை எண்களில்தான். இந்தத் தீவிர மூலக்கூறுகளை அடக்கும் பொருட்களின், அதாவது மொத்த ஆன்டிஆக்சிடன்ட் அளவு கூடியிருந்தால் நல்லது என்று தோன்றும். அந்த எண்ணில் பெரும்பங்கு யூரிக் அமிலம். அதுவோ சாந்தீன் ஆக்சிடேஸ் வேலையின் கடைசி விளைபொருள்! சேதம் நடப்பதாலேயே எண் ஏறியிருக்கலாம். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலும் போச்சு: உள்ளிருக்கும் கேட்டலேஸ், குளுட்டாதயோன் என்ற ஆன்டிஆக்சிடன்ட்கள் வெளியே கொட்டி, பிளாஸ்மா கணக்கைப் பொய்யாக்கும். செல்லின் கொழுப்பு சேதமாகும்போது உண்டாகும் மாலோன்டையால்டிஹைடை அளக்கும் வழக்கமான டெஸ்டிலும் வேறு பொருட்கள் அதே இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுக்கும்.

எலி ஆய்வு முடிவை அப்படியே மனிதருக்குப் பொருத்துகிறவர்களும் உண்டு. எலி வைட்டமின் சியைத் தானே தயாரிக்கும். யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதியும் அதற்கு உண்டு. நமக்கு இரண்டும் கிடையாது. ஒரே ஒரு ரத்த மாதிரியை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் வேண்டாம். மணிக்கு மணி அளவு மாறும்.

சரி, ஆன்டிஆக்சிடன்ட் என்று வைட்டமின் மாத்திரைகளை அள்ளிப் போட்டால்? பின்லாந்தில் புகைப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1994இல் வெளியானது. நுரையீரல் புற்றுநோய் கூடத்தான் செய்தது. வேறு நோய்தான், ஆனாலும் யோசிக்க வைக்கும்.

வீடு திரும்பியவருக்குச் சத்து வேண்டும் என்று திடீரெனத் தினமும் முருங்கைக்கீரை சூப் கொடுப்பார்கள். கீரையில் வைட்டமின் கே அதிகம். அவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவரானால் மாத்திரையின் வேலை குறையும். கீரையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம், எப்போதும் போல ஒரே அளவாக இருக்கட்டும். மருத்துவர் சொன்ன தேதியில், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள்.