கொல்லையில் சமையல் பூவும் மூலிகையும்: டெல்டா மண்ணில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

டெல்டாவில் வீட்டுச் செடிகள் தாகத்தால் சாவதைவிட, வேரில் தண்ணீர் தேங்கிச் சாவதுதான் அதிகம். சித்திரை வெயிலில் துவண்ட செடிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சாயங்காலம் நிமிர்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் சேற்றில் நின்ற தூதுவளை நிமிராது. அதனால் என்ன செடி வைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பாருங்கள். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் ஒரு துண்டுக் கொல்லையோ மொட்டை மாடியோ இருந்து, இதுவரை செடி வைத்துப் பழக்கமில்லாதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை: மேட்டுப் பாத்தி

நல்ல மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையை ஒருமுறை சுற்றி வாருங்கள். மழை விட்டு அரை நாள் ஆகியும் தண்ணீர் நிற்கிற இடத்தில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் சமாளித்துக்கொள்ளும். மற்ற எதையும் அங்கே வைக்க வேண்டாம்.

வடிகிற இடத்தில் மூன்று அடி அகலம், ஒரு அடி உயரத்துக்குப் பாத்தி எடுங்கள். மூன்று அடிக்கு மேல் போனால் நடுவில் இருக்கும் செடியைக் கை எட்டாது. மிதித்து ஏறினால் களிமண் இறுகிவிடும். ஓரத்துக்குச் செங்கல் போதும். மண் கலவைக்கு நம் மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. மணல் விலைக்கு அஞ்சினால் அரிசி ஆலையில் உமிக்கரி கேட்டுப் பாருங்கள். கருகிய கருப்பு உமிதான் வேண்டும், வெள்ளைச் சாம்பலாக எரிந்து போனது அல்ல. களிமண்ணைப் பொலபொலப்பாக்க இதைவிடச் சுலபமான பொருள் நம் ஊரில் இல்லை. கூடவே பாத்திக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

மாடியில் தொட்டி என்றால் இதே கலவைதான். தொட்டியின் அடி ஓட்டை தரையில் ஒட்டி அடைபடாமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வேதாரண்யம், நாகை கடலோரம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் புதினாவும் கொத்தமல்லியும் இலை ஓரம் கருகிக் காட்டிக்கொடுக்கும். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அவற்றுக்கு மட்டுமாவது ஊற்றுங்கள்.

எப்போது நடுவது

ஆடிதான். மேட்டூரில் ஜூன் 12 வழக்கமான திறப்பு நாள். வாய்க்காலில் தண்ணீர் வந்து ஊரே நடவில் இருக்கும் பருவத்தில் நாமும் கொல்லையில் இறங்கலாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. புரட்டாசி கடைசியில் நட்ட கன்று முதல் அடைமழையிலேயே அழுகும். கொத்தமல்லிக்கு மட்டும் விதிவிலக்கு: பெருமழை ஓய்ந்து மார்கழி, தையில் விதையுங்கள்.

பூவுக்கு என்ன வைக்கலாம்

தொடக்கத்துக்குச் சங்குப்பூ. விதையை ஓர் இரவு ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, ஏறுவதற்கு ஒரு கயிறு கட்டிவிட்டால் போதும். பயறு வகைச் செடி என்பதால் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். உரம் கொட்டினால் இலைதான் வரும். நீலப் பூவை வெந்நீரில் போட்டு வடிகட்டி எலுமிச்சம்பழம் பிழிந்தால் நிறம் ஊதாவாக மாறும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் அப்புறம் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பூ மட்டும்தான் சமையலுக்கு. விதையும் வேரும் பேதியாக்கும்.

செம்பருத்தியில் ஐந்து இதழ் ஒற்றைச் சிவப்பு ரகமே நல்லது. பென்சில் கனத்தில் ஒரு கிளையை ஒடித்து நட்டால் வந்துவிடும். அடுக்குச் செம்பருத்தி பார்க்க அழகு, ஆனால் இதழ் மடிப்புக்குள் எறும்பும் பூச்சியும் புகுந்துகொள்ளும், கழுவி முடியாது.

பரங்கிக்கு இடம் வேண்டும். வேலியோரம் விட்டுவிடுங்கள். நீளக் காம்பில் நிற்பது ஆண் பூ; அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ. பறிக்க வேண்டியது ஆண் பூ, அதிலும் மகரந்தத்துக்கு நாலைந்தைக் கொடியிலேயே விட்டுவிட்டு. மார்கழிக் கோலத்தில் சாண உருண்டை மேல் வைப்பதற்கும் அதையே பறித்தால் காய்க்குச் சேதமில்லை.

அகத்தி நம் பக்கத்து மரம். கும்பகோணம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி ஏறுவதற்கே அகத்தி வளர்க்கிறார்கள். தெரிந்தவர் யாராவது இருந்தால் விதை கிடைத்துவிடும். கிடுகிடுவென்று வளரும், வலு இருக்காது. முருங்கையும் அப்படித்தான். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறியபோது தென்னையே சாய்ந்தது. இந்த இரண்டும் எம்மாத்திரம்? சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் தள்ளி, மேடு கட்டி நடுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் விடாமல் நுனியை ஒடித்துக்கொண்டே இருங்கள். பக்கக் கிளை வெடித்து, பூ கைக்கு எட்டும் உயரத்தில் வரும். ஐப்பசிக்கு முன் கனமான கிளைகளைக் கழித்துவிடுங்கள். முருங்கை வேர் மூன்று நாள் தண்ணீரில் நின்றால் போதும், அழுகல் தொடங்கிவிடும்.

வாழை ஏற்கெனவே கொல்லையில் இருக்கும். கடைசிச் சீப்பு விரிந்ததும் கீழே தொங்கும் பூவை ஒடித்துவிடலாம். சமையலும் ஆயிற்று, தாருக்கும் நல்லது.

மூலிகை

கற்பூரவள்ளி ஒரு தண்டு கிடைத்தால் ஊரெல்லாம் பரப்பலாம். தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் அதற்கு எதிரி. புதினாவுக்குக் கடையில் வாங்கிய கட்டே போதும். தடித்த தண்டாகப் பார்த்து, அடி இலையைக் கிள்ளிவிட்டுச் சாய்த்து நடுங்கள். தனித் தொட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் பாத்தி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வெயில் காலத்தில் தென்னை நிழல் வேண்டும். கொத்தமல்லி விதையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து இரண்டாக உடைத்து விதையுங்கள். முளைக்கப் பத்து நாளுக்கு மேல்கூட ஆகும், பொறுமை வேண்டும். துளசி, திருநீற்றுப்பச்சிலை, பிரண்டை மூன்றுக்கும் சொல்ல ஒன்றுமில்லை, தானே வரும். தூதுவளை முள் குத்தும். பிள்ளைகள் ஓடும் வழியில் வேண்டாம், சுவரோரம் நாலு குச்சி ஊன்றி ஏற்றிவிடுங்கள். அதன் ஊதாப் பூவையும் இலையோடு சேர்த்து ரசத்தில் போடலாம்.

பூச்சிமருந்து விஷயத்தில் கறாராக இருங்கள்

தலையில் சூடும் பூவுக்கும் தட்டில் வைக்கும் பூவுக்கும் வித்தியாசம் இங்கேதான். பூக்கடையில் வாங்கிய பூவைச் சமைக்காதீர்கள். சாப்பிடுவதற்கென்று யாரும் அதை விளைவிப்பதில்லை, என்ன தெளித்தார்கள் என்று தெரியாது. நர்சரியில் வாங்கிய பன்னீர் ரோஜாவுக்கும் இதுவே பொருந்தும். முதல் இரண்டு மூன்று மாதம் பூக்கிற பூவைச் சாமிக்கு வையுங்கள். அதன்பிறகு விடும் புதுத் துளிரின் பூவைக் குல்கந்துக்கு எடுக்கலாம்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி கட்டாயம் வரும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பாதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. மொட்டு, பூ மேல் படாமல் சாயங்காலம் தெளியுங்கள். முருங்கையில் மழைக்காலத்துக் கம்பளிப்பூச்சி கூட்டமாக அடிமரத்தில் ஒட்டியிருக்கும்போதே அகற்றிவிட வேண்டும். கையால் தொடாதீர்கள்.

அரளி, பொன்னரளி, ஊமத்தை, செங்காந்தள் எல்லாம் வேலியில் அழகாகப் பூக்கும். எல்லாமே விஷம். சின்னப் பிள்ளைகள் பூ தின்னப் பழகிய வீட்டில் இவற்றைப் பாத்திக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

பறிப்பதும் சமைப்பதும்

பனி காய்ந்து வெயில் ஏறுவதற்குள் பறியுங்கள். பரங்கிப்பூ முற்பகலிலேயே சுருண்டுவிடும். உள்தண்டையும் பச்சைப் புல்லியையும் கிள்ளி, எறும்பு இருக்கிறதா என்று உதறிப் பார்த்துவிட்டு பஜ்ஜி மாவில் முக்கலாம். அகத்திப்பூவில் நடுநரம்பை எடுத்தால் கசப்பு குறையும். சின்ன வெங்காயம், தேங்காய் போட்டுப் பொரியல். வாழைப்பூவில் கள்ளனை (ஒவ்வொரு பூவின் உள்ளேயும் வேகாமல் நிற்கும் நரம்பை) எடுத்து, அரிந்ததை மோரில் போட்டால் கறுக்காது. முருங்கைப்பூவைப் பாசிப்பருப்போடு வதக்கினால் வேறு எதுவும் வேண்டாம்.

புதுப் பூ எதையும் முதல் தடவை கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். நாட்டு மருந்து எடுப்பவர்களுக்கு அகத்தி ஆகாது என்பது பழைய பத்தியம். கர்ப்பிணிகளும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் செம்பருத்தி டீயைத் தினசரிப் பழக்கமாக்குவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேப்பம்பூவுக்கு மரம் வளர்த்துக் காத்திருக்க வேண்டாம், தெருவில் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் விடியற்காலை மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைத்தால் உதிர்வது எல்லாம் அதில் விழும். காம்பு, தூசி பொறுக்கிவிட்டுச் சருகாகும்வரை காயவைத்து, ஈரமில்லாத டப்பாவில் போடுங்கள். நெய்யில் வறுத்து ரசத்தில் தூவ ஒரு வருஷத்துக்கு வரும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை எடுத்து வெயிலில் போடுங்கள், பூசணம் பிடிக்காது.