ஷாகுஹாச்சியில் மங்கிப்போன 'ரோ'

கியோட்டோவில் குளிர்காலம், அறையில் நாள் முழுக்க ஹீட்டர். என் ஷாகுஹாச்சியில், அதாவது ஜப்பானிய மூங்கில் குழலில், 'ரோ' மட்டும் மங்கிப்போனது. ஐந்து துளைகளையும் மூடி ஊதும் அடி ஸ்வரம் அது.

'சத்தம் சரியில்லை' என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் பிடிபடாது. மெலிவா, கரகரப்பா, காற்று ஸ்வரத்தை மீறிக் கேட்கிறதா என்று பிரித்துக் குறித்தேன். இந்தக் குழலில் மூச்சுக்காற்று கேட்பது குறையே இல்லை. 'முராயிகி' என்று அதை வேண்டுமென்றே பொங்க விடுவார்கள், எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். இது வேறு. நாதத்தின் அடிக்கனமே காணோம். கொஞ்சம் அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயிக்குத் தாவியது. ஆனால் அடித்துளையைத் திறந்து 'ட்சு' ஊதினால் முழுசாக வந்தது. அப்படியானால் கசிவு அந்தத் துளையை ஒட்டி, இல்லை அதற்குக் கீழே.

துளைகளை டேப்பால் ஒட்டி, அடிவாயை உள்ளங்கையால் மூடி, மேல்முனையில் உறிஞ்சிப் பார்த்தேன். காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தது. குழலின் அடியில், மூங்கிலின் வேர்ப்பக்கம், மயிரிழை விரிசல். சமையலறை பிளாஸ்டிக் தாளை அங்கே இறுக்கிச் சுற்றியதும் ரோ திரும்பியது. அப்புறம் குழல் செய்பவரிடம் கொடுத்து விரிசலை ஒட்டி, நூல்கட்டு போட்டு வாங்கினேன். இப்போது ஊதி முடித்ததும் உள்ளே துடைத்து, ஹீட்டர் சூட்டில் மூங்கில் வறண்டு விரிசல் விடாதபடி பிளாஸ்டிக் பையில் வைக்கிறேன்.