முகத் தோல் இறுக்கும் அல்ட்ராசவுண்ட்: மதுரைக்கு பஸ் ஏறும் முன்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை பக்கமிருந்து இந்தச் சிகிச்சைக்காக மதுரைக்குக் கிளம்புகிறவர்கள், முதலில் கிளினிக்குக்கு போன் போட்டு இவற்றைச் சொல்லிவிடுங்கள்: பேஸ்மேக்கர், கர்ப்பம், முகத்தில் உலோகத் தகடு, ஆறாத புண் அல்லது சீழ்க்கட்டிப் பரு, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை. சிகிச்சை தனக்கு ஆகுமா என்பதற்குப் பலருக்கு போனிலேயே பதில் கிடைத்துவிடும். பஸ் காசும் கன்சல்டேஷன் பீஸும் மிச்சம்.

இந்தச் சிகிச்சையில் ஒலி அலை தோலுக்கு அடியில் 4.5 மி.மீ. ஆழம் வரை 60 டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறது. அந்தச் சூட்டில் தோலை இறுக்கமாக வைக்கும் கொலாஜன் என்ற புரதம் சுருங்கி, இரண்டு மூன்று மாதத்தில் புதிதாக ஊறுகிறது. லேசான தொய்வுக்கு அது போதும். தாடைக்குக் கீழே மடிப்பாகத் தொங்கும் சதையை அது வெட்டி எடுக்காது. அதற்கு ஆபரேஷன்தான், விளம்பரம் என்ன சொன்னாலும். வருஷக்கணக்கில் கடல் வெயிலில் காய்ந்த தோலிலும் பலன் குறைவாகவே இருக்கும்.

முகத்தில் ஏற்கெனவே ஃபில்லர் (சுருக்கம், குழியை நிரப்பும் ஊசி) போட்டவர்களுக்கு போன் விசாரிப்பு போதாது. எங்கே, எப்போது போட்டது என்ற விவரத்தோடு தோல் டாக்டரை நேரில்தான் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.