பாஸைப் பிடித்தால் காலம் பிடிபடும்: மேற்கத்தியச் செவ்வியல் இசையைக் காதால் இனம் காண்பது

பரோக் 1600 முதல் 1750 வரை, கிளாசிக்கல் சுமார் 1820 வரை, ரொமான்டிக் 1900 வரை, அதன் பிறகு நவீனம். இந்தக் கணக்கை மனப்பாடம் செய்யப் பத்து நிமிடம் போதும். ஆனால் பெயர் தெரியாத ஒரு இசை ஒலிக்கும்போது இது கைகொடுக்காது. அப்போது பெரும்பாலும் மெட்டையோ வாத்தியத்தையோ வைத்து ஊகிக்கத் தோன்றும். இரண்டும் ஏமாற்றும். அடியில் ஓடும் பாஸ், அதாவது எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்கும் ஸ்வர வரி, அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

முதல் வேலை, ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வது. ஃபோன் ஸ்பீக்கரில் டபுள் பாஸ், செல்லோ என்ற பெரிய வில் வாத்தியங்களின் கீழ்த்தந்தி ஒலி கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். பாதிப் பேர் தவறுவது இங்கேதான். பிறகு முதல் இரண்டு நிமிடத்தை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பாஸ் மட்டும். இரண்டாம் முறை, சத்தம் ஏறி இறங்கும் விதம். மூன்றாம் முறை, மெட்டு எங்கே மூச்சு விடுகிறது என்பது. என்னென்ன வாத்தியம் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆரம்பத்தில் மெதுவான இசையே நல்லது, பாஸ் தனியாகப் பிரிந்து கேட்கும்.

பரோக்குக்கு பாக் எழுதிய மூன்றாம் ஆர்கெஸ்ட்ரா சூட்டின் (பல பகுதிகள் கொண்ட தொகுப்பு) ‘ஏர்’ பகுதியை எடுத்துக்கொள்ளலாம். முதல் வயலின் ஒரே ஸ்வரத்தை ஒரு பாருக்கும் (ஒரு தாள வட்டம்) மேலாகப் பிடித்தபடி நிற்கிறது. அடியில் பாஸ் நிற்பதில்லை: ஒவ்வொரு ஸ்வரத்தையும் மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி என்று இரண்டு முறை தொட்டு, படிப்படியாக இறங்கி நடந்துகொண்டே இருக்கிறது. மெட்டு ஓய்ந்தாலும் பாஸ் ஓயாது. இதுதான் பரோக்கின் கைரேகை. காரணம், கன்டினுவோ என்ற முறை. பியானோவுக்கு முந்தைய கீபோர்டான ஹார்ப்சிகார்டு வாசிப்பவர் கையில் இருந்தது ஒரு பாஸ் வரியும் அதோடு சேர்த்து எழுதிய எண்களும்தான். கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, அவர் அந்த இடத்திலேயே நிரப்பிக்கொள்வார். கட்டடமே அடித்தளத்திலிருந்து எழுந்தது. அதனால்தான் கார்டும் அடிக்கடி மாறுகிறது, சில இடங்களில் ஒவ்வொரு தட்டுக்கும்.

இப்போது மோட்சார்ட் 1788-இல் எழுதிய சி மேஜர் பியானோ சொனாட்டா, கே. 545. இடது கை சி, ஜி, ஈ, ஜி என்று ஒரே கார்டை உடைத்து உருட்டிக்கொண்டிருக்கிறது; முதல் பார் முழுவதும் கார்டு மாறவில்லை. இந்த உருட்டலுக்கு ஆல்பெர்டி பாஸ் என்று பெயர். பாஸ் இங்கே எஜமான் இல்லை, மெட்டுக்கு விரித்த கம்பளம். மேலே வலது கையில் இரண்டு பார் கேள்வி, இரண்டு பார் பதில். மூச்சு விடும் இடம் துல்லியமாகத் தெரியும். எண்ணிப் பாருங்கள்: இரண்டிரண்டாக, நான்கு நான்காக வாக்கியம் முடிந்தால் கிளாசிக்கல் என்று துணிந்து சொல்லலாம். பரோக்கில் அந்த இடைவெளி கிடைப்பது அரிது. ஒரு சிறு உருவத்தை எடுத்தால் நூற்றுக்கொண்டே போவார்கள்.

சத்தமும் இதற்கு ஒத்துப்போகும். ஹார்ப்சிகார்டு தந்தியை மீட்டும் கருவி; விரலை அழுத்தினாலும் மெதுவாக வைத்தாலும் ஒலி ஏறக்குறைய ஒன்றுதான். எனவே பரோக்கில் சத்தம் பெரும்பாலும் படிக்கட்டு போல மாறும்: முழுக் குழு, சிறு குழு, மறுபடி முழுக் குழு. கிளாசிக்கலில் அது சரிவாக ஏறத் தொடங்குகிறது.

ரொமான்டிக்கில் பாஸின் நடை மீண்டும் மாறுகிறது. ஷோப்பேனின் இரண்டாம் நாக்டர்ன் என்ற பியானோ இசையில் இடது கை கீழே ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு மேலே கார்டுக்குத் தாவுகிறது. பெடல் அந்தக் கீழ் ஸ்வரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஹார்ப்சிகார்டில் இதைச் செய்யவே முடியாது. வாக்னரிடம் போனால் தரையே நழுவும். 1865-இல் மியூனிக்கில் அரங்கேறிய ‘டிரிஸ்டன் உண்ட் இசோல்டே’ என்ற ஓபரா செல்லோக்களின் தனிக் குரலில் தொடங்கும். அதன்மேல் வந்து விழும் கார்டு எஃப், பி, டி ஷார்ப், ஜி ஷார்ப். அது அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக நகர்ந்து இன்னொரு தவிப்பான கார்டில் நின்று, மௌனமாகிவிடுகிறது. அந்தத் தவிப்பு அடங்குவது சுமார் நான்கு மணி நேரம் கழித்து, ஓபராவின் கடைசியில். வீடு திரும்புவதை, அதாவது காது எதிர்பார்க்கும் நிறைவான கார்டில் வந்து அமைவதை, இப்படித் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் அது 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதி.

டெபுஸ்ஸியோ தள்ளிப்போடுவதுகூட இல்லை, போகவே வேண்டாம் என்கிறார். ‘வோய்ல்’ என்ற பியானோ பிரெலூடில் பாஸ் பி ஃப்ளாட் என்ற ஒரே ஸ்வரத்தை விடாமல் தட்டுகிறது. மேலே பெரும்பகுதி முழு ஸ்வர இடைவெளிகள் மட்டுமே, எனவே எந்தப் பக்கமும் இழுப்பில்லை. ஸ்ட்ராவின்ஸ்கியை பாஸை வைத்துத் தேட வேண்டியதே இல்லை. தாளத்தின் அழுத்தம் எதிர்பாராத இடத்தில் மாறி மாறி விழுந்தால், அவருடைய ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ பாலே அரங்கேறிய 1913-க்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

1600-க்கு முந்தையதைப் பிரிப்பது சுலபம்: அங்கே தனி பாஸே கிடையாது. 16-ஆம் நூற்றாண்டின் பாலஸ்த்ரீனா எழுதிய கோரஸ் இசையில் நான்கைந்து குரல்களும் சமம். ஒரே சொற்றொடரை ஒருவர் பின் ஒருவராக எடுப்பார்கள், கீழ்க்குரலும் அந்த வரிசையில் ஒன்று. கிரெகோரியன் சான்ட் என்ற பழைய தேவாலயப் பாட்டு என்றால் ஒற்றை வரி, தட்டுவதற்குத் தாளமும் இல்லை.

வழுக்கும் இடங்கள் சில உண்டு. பாக்கைப் பியானோவில் வாசித்தால் காது ‘ரொமான்டிக்’ என்று அவசரப்படும். பாஸ் நடக்கிறதா என்று பாருங்கள். ‘அல்பினோனி அடாஜியோ’ பரோக் என்று எல்லா இடத்திலும் ஓடுகிறது. அது 1958-இல் ஜியாசொட்டோ என்ற இத்தாலிய இசை ஆய்வாளர் வெளியிட்டது, அந்த நீளமான விம்மலே காட்டிக்கொடுக்கும். புரோகோஃபியேவின் ‘கிளாசிக்கல் சிம்பொனி’ 1917-இல் முடிந்தது. ஹைடன் போலவே சிரிக்கும், ஆனால் டி மேஜரில் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பாதை போடாமல் சி மேஜருக்குக் குதிக்கும். ஹைடன் அப்படிக் குதிப்பவர் அல்ல. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ‘நான்கு கடைசிப் பாடல்க’ளை 1948-இல் எழுதினார், முழு ரொமான்டிக்காக. அதனால் காது சொல்வது பாணியை, ஆண்டை அல்ல.

வாத்தியம் கடைசியில் சரிபார்க்க உதவும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808-இல் அரங்கேறியபோது கடைசிப் பகுதியில் மூன்று டிராம்போன்கள் வந்தன. அதற்கு முந்தைய சிம்பொனிகளில் அது அபூர்வம். சிம்பொனியில் டிராம்போன் கேட்டால் 1808-க்கு முந்தையது என்று சொல்லத் தயங்குங்கள்.

பாஸ் ஒன்று சொல்லி வாக்கிய நீளம் வேறொன்று சொன்னால் ஒரு பக்கம் சாயாதீர்கள். ஹார்ப்சிகார்டு ஒலிக்கிறது, ஆனால் வாக்கியங்கள் குட்டையாக, மனநிலை திடீர் திடீரென மாறுகிறது என்றால், ‘1740 முதல் 1770’ என்று எழுதிவிட்டு, பாக்கின் மகன் கார்ல் பிலிப் எமானுவேலின் கீபோர்டு சொனாட்டா ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.