லென்ஸுக்கு எந்தக் கண்ணாடி? டேட்டாஷீட்டைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் முறை

லென்ஸுக்கோ ஜன்னலுக்கோ கண்ணாடி தேடும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது ஒளிவிலகல் எண்ணைத்தான். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் அலைநீளத்தை எழுதிவையுங்கள்

தெர்மல் கேமரா கையில் கிடைத்தால் மூடிய ஜன்னல் கண்ணாடிக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளியே நிற்கும் மரம் தெரியாது, உங்கள் முகத்தின் மங்கலான பிம்பம்தான் தெரியும். 10 மைக்ரான் பக்கத்தில் சாதாரணக் கண்ணாடி வெறும் சுவர். சிலிக்கான் - ஆக்சிஜன் பிணைப்பு வலுவானது, சிலிக்கான் அணுவும் எடை குறைந்தது, அதனால் அது வேகமாக அதிர்ந்து அகச்சிவப்பைச் சீக்கிரமே விழுங்க ஆரம்பித்துவிடுகிறது. சிலிக்கானுக்குப் பதில் ஜெர்மானியம், டெல்லூரியம் போன்ற கனமான அணுக்களைப் போட்டால் அதிர்வு மெதுவாகும், ஒளி இன்னும் நீளமான அலைநீளம் வரை கடந்துபோகும். சிறப்பு ஆக்சைடு கண்ணாடிகள் பலவற்றின் அடிப்படை இதுதான்.

தோராயமாக, பிகே7 (லென்ஸ்களில் பரவலாக வரும் கண்ணாடி வகை) என்றால் 350 நானோமீட்டரிலிருந்து 2 மைக்ரான் வரை. புற ஊதா வேண்டுமென்றால் உருக்கிய சிலிக்கா (தூய சிலிக்கான் டைஆக்சைடு கண்ணாடி), 200 நானோமீட்டருக்கும் கீழே இறங்கும். ஜெர்மனேட் (ஜெர்மானியம் ஆக்சைடு), டெல்லுரைட் (டெல்லூரியம் ஆக்சைடு) வகைகள் 5 மைக்ரான் பக்கம் வரை போகும், ஆனால் கண்ணாடிக்குள் ஈரம் இருந்தால் 3 மைக்ரான் அருகே ஊடுருவல் வரைபடத்தில் பெரிய பள்ளம் விழும், அந்த வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள். 10 மைக்ரானுக்கு ஆக்சைடு கண்ணாடி எதுவும் உதவாது. (தெர்மல் கேமராவில் வரும் ஜெர்மானியம் லென்ஸ் தனிமப் படிகம், ஜெர்மனேட் கண்ணாடி அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

படி 2: ஆறு இலக்க எண்ணைப் பிரியுங்கள்

பிகே7-க்கு 517642 என்று போட்டிருக்கும். முதல் மூன்று இலக்கம் ஒளிவிலகல் எண் 1.517, அடுத்த மூன்று அபே எண் 64.2. அபே எண் கூடினால் நிறப்பிரிகை குறைவு. என்-எஸ்எஃப்11 என்ற கண்ணாடியின் எண் 785257, அதாவது 1.785, 25.7: ஒளியை நன்றாக வளைக்கும், நிறங்களையும் நன்றாகச் சிதறடிக்கும்.

இந்த இரண்டையும் சேர்த்து 100 மில்லிமீட்டர் குவியத்தூரத்தில் நிறப்பிழை திருத்திய லென்ஸ் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அபே எண்களின் வித்தியாசம் 38.5. அதை 64.2-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 60, இது பிகே7 குவிலென்ஸின் குவியத்தூரம். 25.7-ஆல் வகுத்தால் 150, இது என்-எஸ்எஃப்11 குழிலென்ஸுக்கு, மைனஸ் குறியோடு. அவ்வளவுதான், சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் குவியும். ஒருமுறை பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள், அபே எண் மறக்கவே மறக்காது.

ஒளிவிலகல் எண்ணும் உயர்வாக வேண்டும், நிறமும் சிதறக்கூடாது என்றால் லாந்தனம் கலந்த கண்ணாடிகளைத் தேடுங்கள். கேமரா லென்ஸ்களில் நிறைய வருவது அவைதான்.

படி 3: எதிரொளிப்பு இழப்பு

ஒளிவிலகல் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, அதே எண்ணோடு 1-ஐக் கூட்டி வருவதால் வகுத்து, விடையை வர்க்கப்படுத்துங்கள், ஒரு பரப்பில் எதிரொளித்துத் திரும்பும் ஒளியின் பங்கு அதுதான். 1.5-க்கு 4 சதவீதம். டெல்லுரைட்டுக்கு எண் 2 என்று வைத்தால் 11 சதவீதம், அதுவும் ஒரு பரப்புக்கு! இரண்டு பரப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு ஒளி போய்விடும், எதிரொளிப்பைக் குறைக்கும் கோட்டிங் இல்லாமல் வாங்காதீர்கள்.

படி 4: வெப்பம்

ஒரு மீட்டர் பிகே7 ஒரு டிகிரிக்கு 7 மைக்ரான் அளவுக்கு விரியும், உருக்கிய சிலிக்கா அரை மைக்ரான்தான். சக்திவாய்ந்த லேசருக்குச் சிலிக்காவை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். டெல்லுரைட்டில் பல வகைகள் 300, 400 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஃபைபர் இழுக்க அது வசதி, சூடான இடத்தில் பொருத்த ஆபத்து.

படி 5: பெயருக்கு முன்னால் 'என்' இருக்கிறதா?

இருந்தால் ஈயமும் ஆர்செனிக்கும் இல்லாத வடிவம். எஸ்எஃப்6 என்ற பழைய ஈயக் கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.18 கிராம், என்-எஸ்எஃப்6-இல் அது 3.37 மட்டுமே, கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் புதியது ஊதா ஓரத்தில் ஒளியைக் கொஞ்சம் அதிகமாக விழுங்கும், அதனால் 400 நானோமீட்டர் பக்கம் வேலை செய்பவர்கள் இரண்டின் ஊடுருவல் வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே ஆர்டர் போடுங்கள்.