கணைய அழற்சி: சாப்பாடு முடிந்த பிறகு என்சைம் மாத்திரை போடாதீர்கள்

எனக்கு நாள்பட்ட கணைய அழற்சி இருப்பது தெரிந்து ஐந்து வருடம் ஆகிறது. அதில் முதல் எட்டு மாதம், கணையம் சுரக்க வேண்டிய செரிமானப் பொருளை வெளியிலிருந்து கொடுக்கும் என்சைம் மாத்திரையை ஒரு நாள் விடாமல் விழுங்கியும் பதினொரு கிலோ இளைத்தேன். மாத்திரையில் குறையில்லை, நான் போட்ட நேரம்தான் தப்பு. இப்போது அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மேல்வயிற்றில் கிளம்பி முதுகுக்குப் பாயும் கடும் வலி, நிற்காத வாந்தி, காய்ச்சல் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குடியையும் சிகரெட்டையும் விட்டாயிற்று என்று எடுத்துக்கொண்டுதான் மேலே போகிறேன்.

1. என்சைம் தேவையா என்று பாருங்கள்

மலத்தைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். வெளிறிப்போய், எண்ணெய் மினுக்கோடு மிதந்து, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கொழுப்பு செரிக்காமல் வெளியேறுகிறது. உறுதிப்படுத்த ஃபீகல் எலாஸ்டேஸ் என்ற மலப் பரிசோதனை இருக்கிறது. கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் என்சைம் குறைபாடு, 100-க்கும் கீழே என்றால் கடுமையான குறைபாடு. தண்ணீராகப் போகும் நாளில் சாம்பிள் கொடுக்காதீர்கள், அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.

2. அட்டையில் லைபேஸ் யூனிட்டைப் பாருங்கள்

மெடிக்கலில் செரிமானத்துக்கு என்று கேட்டால் கொடுக்கும் சிரப்புகளில் பெரும்பாலும் டயஸ்டேஸும் பெப்சினும்தான் இருக்கும். நமக்கு வேண்டியது கொழுப்பை உடைக்கும் என்சைமான லைபேஸ். 10,000, 25,000, 40,000 யூனிட் என்று எழுதியிருக்கும் கேப்ஸ்யூல்தான் சரி. பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 25,000 முதல் 50,000 யூனிட், நொறுக்குத்தீனிக்கு அதில் பாதி என்றுதான் பொதுவாகத் தொடங்குவார்கள். உங்கள் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே பெரிய கேப்ஸ்யூலைவிட இரண்டு 25,000 வசதி, ஏன் என்று அடுத்ததில் புரியும். இது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. மத காரணத்தாலோ சைவம் என்பதாலோ தயக்கம் இருந்தால் டாக்டரிடம் வாய்விட்டுப் பேசுங்கள், சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.

3. நேரம்

நான் வழுக்கியது இங்கேதான். மருந்துக் கவரில் "சாப்பாட்டுக்குப் பின்" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள், நானும் கை கழுவி, தட்டைத் தேய்த்து வைத்துவிட்டு, சாவகாசமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த மருந்து உடம்பில் ஏறி வேலை செய்வதில்லை. சோற்றோடு கலந்து, சோறு போகும் பாதையிலேயே கூடப்போய், சிறுகுடலில் கரைந்து அங்கே கொழுப்பை உடைக்க வேண்டும். சாப்பாடு முன்னால் போய்விட்டால் அப்புறம் போகிற என்சைமுக்கு வேலையே இல்லை.

அதனால் முதல் கவளத்தோடு ஒன்று, ரசத்துக்குச் சோறு போடும்போது இன்னொன்று. கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான், இலை ஓரத்தில் உப்புக்குப் பக்கத்தில் இரண்டையும் வைத்துவிடுவேன், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் விழுங்குங்கள், சூடான காபியோடு வேண்டாம். மெல்லக் கூடாது, உள்ளே இருக்கும் குட்டி மணிகள் வாயில் தங்கினால் புண்ணாகும். மறந்துபோனால் அடுத்த வேளைக்குச் சேர்த்து இரட்டிப்பாகப் போடாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் பாட்டிலை வைக்காதீர்கள், என்சைம் சூட்டில் கெட்டுவிடும்.

பால் காபிக்கும் வேண்டுமா என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டும். நான் 10,000 ஒன்று போடுகிறேன். கடுங்காபிக்கும் பழத்துக்கும் தேவையில்லை.

4. சாப்பாடு

எண்ணெயே கூடாது என்று பயந்து இரண்டு மாதம் கஞ்சியும் அவித்த காயுமாக இருந்தேன், எடை இன்னும் இறங்கியது. என்சைம் சரியாகப் போட்டால் கொழுப்பை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துச் சாப்பிட்டால் போதும். மூன்று வேளையை ஆறு சிறு வேளையாக்குங்கள். எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றாமல் 5 மில்லி ஸ்பூனால் ஊற்றுங்கள். ஒரு ஸ்பூன் ஏறக்குறைய 4.5 கிராம் கொழுப்பு. பால் 3 சதவீதக் கொழுப்புள்ளது போதும். இட்லி, மீன் குழம்பு, முட்டை, பருப்பு எல்லாம் தாராளமாக. பரோட்டா சால்னா, பஜ்ஜி, ஆட்டுக்கொழுப்பு வேண்டவே வேண்டாம். நார்ச்சத்து நல்லதுதானே என்று கீரைத்தண்டும் தவிடும் அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள், அதிக நார் என்சைமின் வேலையைக் கெடுக்கும், வயிறும் உப்பும்.

தேங்காய் எண்ணெய் சுலபமாகச் செரிக்கும் என்று சொல்வதை நம்பி அளவில்லாமல் ஊற்ற வேண்டாம். டாக்டர்கள் சொல்லும் எம்.சி.டி. எண்ணெய் (சுலபமாகச் செரிக்கும் ஒரு வகைக் கொழுப்பு) தனியாகப் பிரித்தெடுத்தது, செக்கில் ஆட்டியது அதுவல்ல.

எங்கள் நாகர்கோவில் பக்கம் இந்த நோய் வந்தால் உடனே மரவள்ளிக் கிழங்கைக் குற்றம் சொல்வார்கள். கேரளத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன் ஆய்வாளர்களும் அப்படிச் சந்தேகித்தார்கள், ஆனால் அது நிரூபணமாகவில்லை. பின்னால் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் வரும் மாற்றத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. அவித்த கிழங்கை நான் இப்போதும் சாப்பிடுகிறேன், சிப்ஸ் மட்டும் தொடுவதில்லை.

5. பிறகு சேர்த்தது

நேரத்தை மாற்றிய பிறகு சர்க்கரை ஏறிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா என்று ஒருவர் எழுதியிருந்தார். நிறுத்தாதீர்கள். இத்தனை நாள் வெளியே போன சாப்பாடு இப்போது உடம்பில் சேர்கிறது, அதனால்தான் ஏறுகிறது. எனக்கும் ஏறியது. இரண்டு வாரம் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குளுக்கோமீட்டரில் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன், டாக்டர் நான் போடும் இன்சுலின் அளவைத்தான் மாற்றினார், என்சைமைத் தொடவில்லை. அதே நாளில் வைட்டமின் டி-யும் பார்க்கச் சொல்லுங்கள். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்துதான் உடம்பில் ஏறும், எனக்கு டி தரைமட்டத்தில் இருந்தது.